பரிசத்தன்று புகையாத அடுப்பு

அன்று விடிந்ததும் விடியாததுமாகக் கோதண்டத்தின் வீட்டில் ஒரு விறகுக் கட்டைக்காகச் சண்டை மூண்டது.

நாளோ சாதாரண நாள் இல்லை. அவருடைய கடைசித் தங்கை எல்லம்மாவுக்கு அன்று பரிசம். கோரைக்குப்பத்திலிருந்து மாப்பிள்ளை வீட்டார் தட்டு வரிசையோடு தோணியேறிச் சாயங்காலம் பசியாவரம் தீவுக்கு வருகிறார்கள். வீடு மெழுகி, கோலமிட்டு, வாசலில் வாழை நட்டாயிற்று. அப்படிப்பட்ட காலையில், அடுப்பில் எரிந்துகொண்டிருந்த மூன்று கட்டைகளில் ஒன்றை வெளியே இழுத்து மணலில் குத்தி அணைத்தாள் பச்சையம்மா.

அதைக் கோதண்டம் பார்த்துவிட்டார்.

“லோகநாயகி!” என்று மனைவியைத்தான் கூப்பிட்டார். தம்பி பெண்டாட்டியிடம் நேருக்கு நேர் பேசுகிற வழக்கம் அவருக்கு இல்லை. “உன் ஓரகத்தி இன்னா பண்றா பாரு. பரிசத்து அன்னிக்குக் கூடவா கட்டைய எண்ணி எரிக்கணும்? எங்க நைனா இருந்தப்போ இந்த வீட்டு அடுப்பு ராத்திரியும் பகலும் எரிஞ்சுது. ஏரியில வரவன் இந்தப் பொகையப் பாத்துத்தான் ஊர அடையாளம் கண்டுக்குவான்.”

“பொகையத் தின்ன முடியாதுங்களே, மாமா…” என்று சொல்ல வாயெடுத்த பச்சையம்மா, உதட்டைக் கடித்துக்கொண்டு குனிந்துவிட்டாள். லோகநாயகிதான் இடையில் புகுந்தாள்.

“ரெண்டு கட்டையில வேவுறதுக்கு மூணு எதுக்குன்னு எடுத்துட்டா. நீங்க கெளம்புங்க. வெத்தல, பழமெல்லாம் வாங்கியாரணுமே.”

“வாங்கியாறேன். நாலு மொடா கள்ளும் சேத்து வாங்கியாறேன். கோதண்டம் வீட்ல தொண்ட காஞ்சு போச்சுன்னு எவனும் சொல்லக் கூடாது” என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வெள்ளைக்கார ஒல்லாந்தரின் கோட்டைக்கு எதிரே இருந்த கடைத்தெருவுக்குத் தோணியில் புறப்பட்டார்.

கோதண்டம் கெட்ட மனிதர் இல்லை. வீட்டின் மானத்தைத் தலையில் தண்ணீர்க் குடம்போலச் சுமந்து திரிகிறவர். சற்றே குனிந்தாலும் சிந்திவிடும் என்று பயம். அந்தப் பயத்தில்தான் ஒரு காரியம் செய்யத் துணிந்திருந்தார். ஏரியில் எந்தக் குடும்பம் எந்த நாளில் எந்த இடத்தில் வலை போடலாம் என்பதற்கு ஊரில் ஒரு முறை உண்டு. பாடு என்பார்கள். கோதண்டத்தின் வீட்டுப் பாடு பாட்டன் வழியாக வந்தது. அதைக் கோட்டைத் தரகர் ஒருவரிடம் ஒத்திக்கு வைத்து, அந்தத் துட்டில் தங்கை கல்யாணத்தைத் தடபுடலாக நடத்துவது என்று முடிவு செய்திருந்தார்.

பாடு கைவிட்டுப் போனால் அண்ணனும் தம்பியும் அடுத்தவன் தோணியில் கூலிக்கு வலை இழுக்க வேண்டும். இதைக் கேள்விப்பட்ட நாளிலிருந்து பச்சையம்மாவுக்குச் சோறு இறங்கவில்லை. வாய் திறந்து எதிர்த்துப் பேச முடியாது. கையைத் திறக்காமல் இருக்கலாம் அல்லவா? அதைச் செய்தாள்.

பொழுது சாய்வதற்குள் எல்லாருக்கும் சாப்பாடு போட்டாள், விளக்குக்கு ஊற்றும் எண்ணெய் மிஞ்சியது. எறால் தலையை வெளியே வீசாமல் வெயிலில் காயவைத்து இடித்துக் குழம்புக்குப் போட்டாள்; கறிக்கு வாங்குவது குறைந்தது. கருவாட்டைச் சந்தைக்காரியிடம் கொடுக்காமல் தானே கூடையில் சுமந்து காட்டூர்க் குடியானவர்களிடம் நெல்லுக்கு மாற்றினாள். திரும்பும்போது அதே கூடையில், களத்துமேட்டில் சும்மா கொட்டிக் கிடக்கும் உமியை அள்ளிவந்தாள். தீவில் விறகு ஏது? ஒவ்வொரு கட்டையும் தோணியில் வரவேண்டும். அதனால் ஒரே அடுப்பு மூட்டி, சோறு பொங்கினதும் பானையை வைக்கோல் சுற்றி உமிக்குள் புதைத்துவிடுவாள். பொழுது சாய்ந்து எடுத்தாலும் ஆவி பறக்கும்.

கல்யாணத்துக்கு வேண்டிய நெல்லும் பருப்பும் இப்படித்தான் குதிரில் ஏறின. எல்லாரும் பார்க்க ஏறின. ஆனால் ஊர்ப் பெண்கள் அவளுக்கு வைத்த பேர் ‘பிசுனாறி’. கோதண்டமோ, “குதிரு ரொம்புனா மானம் ரொம்புமா?” என்று ஒரே பேச்சில் அடித்துவிட்டார்.

*

உச்சிப் பொழுதுக்குள் விருந்து தயார். பெரிய பானை நிறையச் சோறு, எறால் தொக்கு, கெளுத்திக் குழம்பு, பாசிப்பருப்புப் பாயசம்.

“அக்கா, அடுப்ப அணைச்சிடட்டுமா?” என்று கேட்டாள் பச்சையம்மா. “எல்லாத்தையும் உமியில வெச்சுட்டா அவங்க வரப்போ கொதிக்கக் கொதிக்க எடுக்கலாம். அப்புறம் நாம சாவகாசமா எல்லம்மாவுக்குத் தல வாரலாம்.”

“அணைச்சிடு. எனுக்கும் இந்தப் பொகையில கண்ணு அவிஞ்சு போச்சு” என்றாள் லோகநாயகி.

அடுப்பு அணைந்தது. அடுக்களை குளிர்ந்தது. கூடத்தில் ஒரே சிரிப்பு. எல்லம்மாவை நடுவில் உட்காரவைத்து ஒருத்தி தலை வார, ஒருத்தி மஞ்சள் பூச, அவள் நெளிந்தாள்.

“அண்ணி, அவுரு ரொம்பக் கறுப்பாமே?”

“ஏரியில எறங்கறவன் வேற எப்படி இருப்பான்? வெள்ளையா வேணும்னா கோட்டையிலதான் கேக்கணும்” என்றாள் பச்சையம்மா. மூலையில் படுத்த படுக்கையாகக் கிடந்த மாமியார் அம்மணிகூடக் கெக்கெக்கென்று சிரித்தாள்.

வெயில் தாழ்ந்தது. ஊரில் ஒவ்வொரு கூரையிலிருந்தும் சாயங்காலப் புகை எழுந்தது. கோதண்டத்தின் கூரையில் மட்டும், மற்ற நாளில் குழம்புக்காகவாவது எழும் அந்த ஒரு நூல் புகைகூட இல்லை.

அந்தக் கரையில் பிறந்தவர்களுக்கு அதற்கு ஒரே அர்த்தம்தான். அடுப்பு மூட்டாத வீடு சாவு விழுந்த வீடு. அக்கம்பக்கத்தார் தங்கள் வீட்டில் பொங்கி எடுத்துப்போக வேண்டும். கொண்டுபோன சோற்றைத் திருப்பி எடுத்துவரக் கூடாது. அதிலும் பரிசத்து அன்றைக்கு, விருந்து சமைக்கிற நேரத்தில் அடுப்பு அணைந்திருக்கிறதென்றால்? படுக்கையில் கிடந்த கிழவி போய்விட்டாள், பாவம், நல்ல நாளும் அதுவுமாக.

பக்கத்து வீட்டு சரோஜாதான் முதலில் பார்த்தாள். பிறகு தெருவே பார்த்தது. பெண்கள் தலைமுடியை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, இடுப்பில் சோற்றுப் பானையோடு, ஒரே கும்பலாக ஒப்பாரி வைத்துக்கொண்டு வாசலுக்குள் நுழைந்தார்கள்.

“ஐயோ அம்மணியம்மா… கடைசியாப் பெத்த பொண்ணு பரிசத்தப் பாக்காம பூட்டியே…”

கூடத்தில் எல்லாரும் உறைந்துபோனார்கள். உறையாதவள் அம்மணி ஒருத்திதான். தடுமாறி எழுந்து உட்கார்ந்து, மார்பில் அடித்துக்கொண்டு தானும் அழ ஆரம்பித்தாள். சற்று அழுத பிறகுதான் சந்தேகம் வந்தது.

“ஏண்டி சரோஜா, யாருடி செத்தது?”

சரோஜாவின் ஒப்பாரி தொண்டையிலேயே நின்றது. “நீ… நீதான்னு வந்தோம்.”

“நானா? எனுக்கு யாரும் சொல்லலியே.”

யாரோ ஒருத்தி முதலில் சிரித்தாள். அப்புறம் தாங்கவில்லை. பானையோடு நின்றவர்கள் பானையை வைக்கவும் முடியாமல் தூக்கிப் போகவும் முடியாமல் விழித்தார்கள். அம்மணியே வழி சொன்னாள்.

“வெச்சுட்டுப் போங்கடி. இன்னிக்கோ நாளைக்கோ தேவப்படும்.”

அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் கரையிலிருந்து ஒரு கூச்சல் வந்தது.

“மாப்ள ஊட்டுத் தோணி திரும்புது… திரும்புது…”

*

எல்லாரும் கரைக்கு ஓடினார்கள். நடு ஏரியில், தட்டு வரிசையும் மஞ்சள் துணியுமாக வந்துகொண்டிருந்த பெரிய தோணி, வந்த வழியே முகம் திருப்பிக்கொண்டிருந்தது. அவர்களும் கடலும் ஏரியும் தெரிந்த ஜனங்கள்தானே! சம்பந்தி வீட்டுக் கூரையில் புகை இல்லாததைக் கண்டார்கள். பெண்கள் பானையோடு நுழைந்ததைக் கண்டார்கள். ஒப்பாரி தண்ணீர்மேல் மிதந்து அவர்கள் காதுக்கும் போயிற்று. சாவு வீட்டில் பரிசம் போடலாமா? திருப்பிவிட்டார்கள்.

அதே நேரத்தில் கள்ளு மொடாக்களோடு கோதண்டத்தின் தோணி கரை தட்டியது. நடந்ததைச் சரோஜா திக்கித் திணறிச் சொன்னாள். கேட்கக் கேட்க அவர் முகம் கறுத்தது. வாழ்நாளில் முதல் தடவையாகப் பச்சையம்மாவின் முகத்துக்கு நேரே பேசினார்.

“நல்லா இருக்குதா? நாலு கட்ட மிச்சம் புடிச்ச. எங்கம்மாவ உசுரோட சாவடிச்ச. என் தங்கச்சி பரிசத்த நடு ஏரியில திருப்பி உட்ட. இன்னும் இன்னா மிச்சம் புடிக்கணும் உனுக்கு?”

“மாமா, நான்…”

“பேசாத. ஒரு நாளு, ஒரே ஒரு நாளு அந்த அடுப்பு எரிஞ்சிருந்தா இன்னா கொறஞ்சு போயிருக்கும்? யாரக் கேட்டு அணைச்ச?”

பச்சையம்மா லோகநாயகியைப் பார்த்தாள். ‘நான்தான் அணைக்கச் சொன்னேன்’ என்று அவள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். லோகநாயகி புருஷன் முகத்தைப் பார்த்தாள், தலையைக் குனிந்துகொண்டாள். பச்சையம்மாவும் வாயைத் திறக்கவில்லை.

“இன்னியோட உன் ஒல வேற, எங்க ஒல வேற” என்றார் கோதண்டம். “நீயும் உன் புருசனும் எங்கயாவது தனியாப் பொங்கித் துன்னுங்க.”

பச்சையம்மா கல்யாணமாகி வந்த நாளில் எல்லம்மா கைக்குழந்தை. அவளை இடுப்பில் வைத்துக்கொண்டே சமைத்த அடுப்பு அது. தனக்கென்று ஒரு பிள்ளை பிறக்கவில்லையே என்கிற குறையையும் அந்த அடுப்படியில்தான் கரைத்திருந்தாள். அந்த வீட்டில் அவளுக்குச் சொந்தம் என்று இருந்ததே அந்த உலைதான்… அது போயிற்று.

அவளுடைய புருஷன் துளசிங்கம் அண்ணன் பேச்சுக்கு மறுபேச்சு பேசியறியாதவன். மெல்லச் சொன்னான்: “அண்ணாத்தே, அது அப்புறம் பேசலாம். மொதல்ல தோணியில போயி அவங்களக் கூப்புடு.”

“நானா? பாதியில திரும்பிப் போறவன் பின்னாடி ஓடிப் போயிக் கெஞ்சணுமா? தலையே போனாலும் மாட்டேன்.”

பின்னால் எல்லம்மாவின் விம்மல் கேட்டது. அதைக் கேட்டதும் பச்சையம்மாவின் கண்ணீர் நின்றுவிட்டது. விறுவிறென்று வீட்டுக்குள் ஓடினாள். உமிக் கூடையை, உள்ளே புதைத்திருந்த சோற்றுப் பானையோடு சேர்த்துத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு கரைக்கு வந்தாள்.

“கழிய எடு” என்றாள் புருஷனிடம்.

துளசிங்கம் அண்ணனைப் பார்த்தான். பெண்டாட்டியைப் பார்த்தான். அழுகிற தங்கையைப் பார்த்தான். வேட்டியை வரிந்து கட்டிக்கொண்டு தோணியில் குதித்தான்.

*

சிறிய தோணி பறந்தது. துளசிங்கம் கழியை ஊன்றித் தள்ளுகிற வேகத்தில் சேறு கலங்கி மேலே வந்தது. கரையில் நின்ற ஊரே கத்தியது. “இன்னும் வலிச்சுத் தள்ளு, துளசிங்கம்… கிட்ட வந்துட்ட…” காற்று எதிர்க்காற்று. உமி பறந்து பச்சையம்மாவின் கண்ணில் விழுந்தது. அவள் கூடையைக் கட்டிப் பிடித்துக்கொண்டு, “நில்லுங்க, நில்லுங்க” என்று தொண்டை கிழியக் கூவினாள். பெரிய தோணியில் யாரோ திரும்பிப் பார்த்தார்கள். கழி நின்றது.

மாப்பிள்ளையின் தகப்பனார் திருவேங்கடம் எழுந்து நின்றார். “ஏம்மா இவ்ளோ தூரம்? வீட்ல துக்கம்னு தெரிஞ்சுது. கருமாதி முடியட்டும், வரோம்.”

“துக்கம் இல்லீங்க. ஒருத்தரும் சாவல. எங்க மாமியாரு குத்துக்கல்லாட்டம் உக்காந்துகினு சிரிக்கறாங்க.”

“அழுகொரலு எங்க காதுல உழுந்துதே?”

“தெரியாம அழுதுட்டாங்க.”

தோணியில் சலசலப்பு எழுந்தது. மாப்பிள்ளையின் தாய் வேலம்மா முகம் சுளித்தாள். “தெரியாம அழுவாங்களா? பொகையும் இல்ல, நெருப்பும் இல்ல. சாவ மறைச்சு வெச்சுப் பரிசம் வாங்கப் பாக்குறீங்களா? அந்தத் தீட்டு எங்க புள்ள தலையில இல்ல உழும்.”

தோணிகள் இரண்டும் உரசி நின்றன. பச்சையம்மா உமியைக் கையால் வாரி ஒதுக்கினாள், வைக்கோலைப் பிரித்தாள், மூடியைத் திறந்தாள். குபீரென்று ஆவி எழுந்து வேலம்மாவின் முகத்தில் அடித்தது.

“கைய வெச்சுப் பாருங்க, அண்ணி. சாவு வீட்ல சொந்த ஒலையில பொங்குன சோறு இருக்குமா? அடுத்த வீட்டுச் சோறா இருந்தா உமிக்குள்ள பொதைச்சிருக்குமா? உச்சிப் பொழுதுல எறக்குனது. உங்களுக்குன்னு பொங்கி, ஆறாம இருக்கட்டும்னு உமியில வெச்சோம். அதுனாலதான் அடுப்ப அணைச்சோம். வேற ஒண்ணியும் இல்ல.”

வேலம்மா நம்பாமல் பானையைத் தொட்டாள். “ஸ்…” என்று விரலை உதறி வாயில் வைத்துக்கொண்டாள். திருவேங்கடம் தானும் தொட்டுப் பார்த்தார். பிறகு ஒரு கவளத்தை எடுத்து உள்ளங்கையில் மாற்றி மாற்றிப் போட்டு ஊதினார். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“நெருப்பில்லாத சோறு சுடுது. வலையத் தூக்கின நாளா இத்தப் பாத்ததில்ல. இது யாரு யோசன?”

பச்சையம்மா ஒரு கணம் தயங்கினாள். வெறும் ஒரு கணம். கரையில் தனியாக, யாரையும் பாராமல் விறைத்து நின்ற அந்த மனிதர் தூரத்தில் தெரிந்தார். இவர்கள் வீட்டுக்கு வரும்போது அவர் தலை நிமிர்ந்திருக்க வேண்டும்.

“எங்க வீட்டுப் பெரியவரு யோசனதாங்க” என்றாள். “வீண் செலவு ஆவாது, கல்யாணத்துக்குக் கடன் கூடாதுன்னு சொல்லுவாரு. அவரு சொல்லித்தான் எல்லாம்.”

துளசிங்கம் கழியைப் பிடித்தபடி அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.

*

பரிசம் நடந்தது. தட்டு மாறியது. எல்லம்மா தலை நிமிராமலேயே மாப்பிள்ளையின் நிறத்தைப் பார்த்து முடித்தாள். பந்தியில் இலை போட்டு உமிக்குள்ளிருந்து பானை பானையாக எடுக்க எடுக்க, கோரைக்குப்பத்தார் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார்கள். பச்சையம்மா பரிமாற வரவில்லை. உலை வேறு என்று சொல்லப்பட்டவள், அடுக்களை வாசலுக்கு வெளியே நின்றுகொண்டாள்.

சாப்பிட்டு எழுந்த திருவேங்கடம், கோதண்டத்தின் தோளில் கை போட்டார்.

“சம்பந்தி, நான் மனசு விட்டுச் சொல்றேன். நீங்க பாட்ட ஒத்தி வெச்சு ஆடம்பரமா செய்யப் போறதாக் காதுல உழுந்துது. கடன்கார வீட்டுப் பொண்ண எடுக்கறமேன்னு எனுக்கு உள்ளுக்குள்ள கொஞ்சம் பயம். இன்னிக்கு அது தீந்துது. ஒரு கட்டைய வீணாக்காம இத்தினி பேருக்குச் சுடச் சுடப் போட்டீங்களே… எல்லாம் உங்க ஏற்பாடாமே? உங்க தம்பி சம்சாரம் சொல்லிச்சு.”

ஊரார் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். கோதண்டத்துக்கு முதலில் புரியவில்லை. புரிந்தபோது அவர் கண் அடுக்களை வாசலுக்குப் போயிற்று. ஆமாம் என்று தலையை அசைத்தால் போதும். மானம் பத்திரமாக இருக்கும். மறுத்துச் சொல்ல அங்கே ஒருவருக்கும் துணிச்சல் இல்லை. சொல்லக் கூடியவளோ வாசலுக்கு வெளியே நிற்கிறாள்.

அவர் ஓரடி முன்னால் வந்தார். முதுகு வழக்கம்போல நேராகத்தான் இருந்தது. குரல்தான் உடைந்தது.

“இல்ல, சம்பந்தி. என் ஏற்பாடு இல்ல. நான் அடுப்பு எரியலியேன்னு ஊரு பாக்கத் திட்டுனவன். ஒல வேறன்னு சொல்லி அவள வெளிய நிறுத்துனவன். அவ தோணியேறி வந்து எனுக்கு மரியாத வாங்கித் தந்திருக்கா. எங்க நைனா கூட எனுக்கு இவ்ளோ பெரிய மரியாத வெச்சுட்டுப் போவல.”

அதற்குமேல் லோகநாயகியால் தாங்க முடியவில்லை. “நானும் பாவிதாங்க. அணைச்சிடுன்னு சொன்னதே நானு. நீங்க கேட்டப்போ பயத்துல வாய மூடிக்கினேன்” என்று சொல்லிக்கொண்டே வெளியே ஓடிப் பச்சையம்மாவைக் கட்டிக்கொண்டாள். “ஏண்டி, என்னக் காட்டிக் குடுத்திருக்கலாமே… ஏண்டி சும்மா நின்ன?”

“காட்டிக் குடுத்தா? அப்புறம் ரெண்டு பேருல்ல தனியாப் பொங்கணும்? வெறகு ரெட்டிப்பாச் செலவாவும், அக்கா” என்றாள் பச்சையம்மா. சொல்லிச் சிரிக்கப் போனவள் அப்படியே உடைந்து அழுதாள். எல்லம்மா பட்டுச் சேலை நலுங்குவதைப் பாராமல் ஓடிவந்து இருவர் மேலும் விழுந்தாள்.

கோதண்டம் வாசல்வரை வந்தார். பெண்கள் விலகி வழிவிட்டார்கள்.

“பச்சையம்மா” என்றார். அந்தப் பேரை அவர் வாய் அதுவரை சொன்னதில்லை. “பாட்ட ஒத்தி வெக்கல. கல்யாணத்துக்கு எவ்ளோ செலவு, எதுக்குச் செலவு, நீ சொல்றதுதான். நான் ஒரு பாக்கு வாங்கணும்னாலும் உன்னக் கேட்டுத்தான் வாங்குவேன். உள்ள வாம்மா. பசிக்குது, நான் இன்னும் சாப்புடல.”

பச்சையம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். அடுக்களைக்குள் போனாள். உமியைக் கிளறி, அவருக்கென்று ஒதுக்கிவைத்திருந்த பானையைத் தூக்கி எடுத்தாள்.

சோறு இன்னும் சூடாகவே இருந்தது.